ஃபெஸ் சந்துகளில் ஆடியோ வழிகாட்டி: எங்கே உதவும், எங்கே கழற்ற வேண்டும்

மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பழைய கோட்டைச் சுவருக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதுமே, போன் மேப்பில் இருக்கும் நீலப் புள்ளி தடுமாற ஆரம்பித்துவிடும். நாம் நிற்பது ஒரு சந்தில். புள்ளி நிற்பது பக்கத்து வீட்டு முற்றத்தில். நாலு அடி எடுத்து வைத்தால் அது தாவி இன்னொரு சந்துக்குப் போய்விடும். போனில் கோளாறு எதுவும் இல்லை. திறந்த வெளியிலேயே சாதாரண போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை பிசகும். இரண்டு பக்கமும் மாடி உயரச் சுவர்கள், நடுவில் இரண்டு மீட்டர் சந்து, மேலே ஒரு கீற்று வானம் என்றால், செயற்கைக்கோளிலிருந்து நேராக வந்து சேரும் சிக்னல் ஒன்றிரண்டுதான். மற்றவை சுவர்களில் மோதித் திரும்பித் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தைப் போன் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். கடைத்தெருக்கள் சிலவற்றுக்கு நாணல் பந்தலோ மரக்கூரையோ வேறு உண்டு. அங்கே அந்தக் கீற்று வானமும் கிடையாது.

அகலமான சாலைகள் உள்ள ஊரில் பத்து மீட்டர் பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபெஸ்ஸில் பத்து மீட்டர் என்பது வேறொரு தெரு, வேறொரு நூற்றாண்டு. ஆகவே, நடக்க நடக்கத் தானாகவே கதை சொல்லும் ஆடியோ செயலிகள் மற்ற ஊர்களில் நன்றாக வேலை செய்தாலும் இங்கே திணறுகின்றன. மத்ரஸா என்ற பழைய இஸ்லாமியக் கல்விக்கூடத்தின் வாசலில் நிற்கும்போது தோல் பதனிடும் குழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். ஜிபிஎஸ்ஸை நம்பாமல், "இடது பக்கம் ஓடு பதித்த குழாயடி தெரியும், அங்கே நின்று அடுத்த பகுதியைப் போடுங்கள்" என்று அடையாளம் சொல்லி நகர்த்தும் பழைய பாணிப் பதிவுகளே இங்கே கரை சேர்க்கும்.

ஆடியோ வழிகாட்டி பிறந்தது அருங்காட்சியகத்தில். 1952ல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகம் பார்வையாளர்களின் கையில் சிறு வானொலிப் பெட்டிகளைக் கொடுத்து, விரிவுரையைச் சிற்றலையில் ஒலிபரப்பியது. எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியம். கூட்டம் மொத்தமும் ஒன்றாகத் திரும்பி ஒரே ஓவியத்தைப் பார்க்கும். அந்த ஏற்பாட்டின் அடிப்படை இது: பொருள் கண் முன்னால் இருக்கிறது, விளக்கம் காதில் வருகிறது. ஃபெஸ்ஸில் இந்த அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இங்கே பார்க்க வேண்டிய பொருள் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

சந்தில் நடப்பவருக்குத் தெரிவது வெற்றுச் சுவரும் ஆணி அடித்த கதவும்தான். கதவுக்குப் பின்னால் நடை நேராக உள்ளே போகாது. ஒரு முறையாவது வளையும், தெருவில் போகிறவர் கண்ணில் முற்றம் படாமல் இருக்க. எதிரெதிர் வீட்டு வாசல்கள் நேருக்கு நேர் அமையாமல் பார்த்துக்கொண்டார்கள். தெருப் பக்கம் ஜன்னல் இருந்தால் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும். ஓட்டு வேலை, சுதைச் சிற்பம், தேவதாரு மரச் செதுக்கல் எல்லாம் உள்முற்றத்தைப் பார்த்துத்தான். பணக்காரர் வீடும் ஏழை வீடும் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

"திட்டமில்லாமல் வளர்ந்த புதிர்க்காடு" என்று இந்தச் சந்துகளை ஆடியோக்களில் வர்ணிப்பார்கள். ஒன்பதாயிரம் சந்துகள் என்ற எண்ணும் தவறாமல் வரும். எண் இருக்கட்டும், திட்டமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். இங்கே இருந்தது நகரத் திட்டக்காரரின் வரைபடம் அல்ல, சட்டம். இங்கே பின்பற்றிய மாலிகி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் பெருந்தெரு எல்லாருக்கும் பொது. சுமை ஏற்றிய மிருகங்கள் போய்வர வழி வேண்டும். முட்டுச்சந்து அப்படியல்ல. அது அதில் வாசல் வைத்திருக்கும் குடும்பங்களின் கூட்டுச் சொத்து. அவர்கள் சம்மதம் இல்லாமல் புது வாசல் திறக்க முடியாது. சந்து முனையில் கதவு போட்டு இரவில் பூட்டிய வழக்கமும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டால் தொலைந்துபோவதுகூடக் கொஞ்சம் புரியும்: சந்து குறுகிக்கொண்டே போய், சத்தம் அடங்கி, கதவுகள் மட்டும் மிஞ்சினால் நீங்கள் யாருடைய திண்ணைக்கோ வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்பி, சத்தம் இருக்கும் பக்கம் நடக்க வேண்டும். தண்ணீரைப் போலக் கூட்டமும் இங்கே சரிவில் கீழே இறங்கிப் பெருந்தெருவில் சேரும்.

அந்தச் சரிவு முக்கியம். பழைய நகரம் ஒரு பள்ளத்தாக்கில் கிடக்கிறது. மேற்கே மேடு, நடுவே ஆறு. ஃபெஸ் ஆற்றை மேட்டிலேயே வாய்க்கால்களாகப் பிரித்து, பள்ளிவாசல், குளியலகம், குழாயடி, வீடு என்று இழுத்துவிட்டிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, சரிவே தள்ளிவிடும். கழிவு நீருக்குத் தனி வழி வைத்துக் கீழே ஆற்றில் சேர்த்தார்கள்.

வழக்கமான ஒலிநடை தொடங்குவது மேட்டில் இருக்கும் பாப் பூஜ்லூத் வாசலில். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. ஃபெஸ் என்று தேடினால் முதலில் வரும் படமே இதுதான். ஆனால் இந்த வாசல் கட்டப்பட்டது 1913ல், பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு. 1912 மார்ச் 30 அன்று இதே ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் போனது. ஏப்ரலில் ஃபெஸ்ஸில் கலகம் வெடித்தது. அதே ஆண்டு தலைநகரம் ரபாத்துக்கு மாறியது. முதல் ரெசிடென்ட் ஜெனரலாக, அதாவது பிரெஞ்சு ஆட்சியின் தலைவராக வந்த லியோத்தே, பழைய நகரங்களை இடிக்காமல் அப்படியே விட்டு, தள்ளிப் புது நகரம் கட்டும் கொள்கையைப் பிடித்தார். புது நகரங்களை வரைந்து கொடுத்தவர் நகரத் திட்டக்காரர் ஆன்ரி ப்ரோஸ்ட். "காலம் உறைந்து நிற்கும் ஊர்" என்று இன்று காதில் விழும் வாக்கியத்துக்குப் பின்னால் இந்த முடிவு இருக்கிறது. காலம் தானாக உறையவில்லை. வசதியான குடும்பங்கள் புது நகரத்துக்கும் காஸாபிளாங்காவுக்கும் நகர்ந்தன. அவர்கள் விட்டுப் போன பெரிய வீடுகளில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் அறை அறையாகக் குடியேறினார்கள். சந்துகளின் குறுக்கே சுவர் விழாமல் முட்டுக் கொடுத்திருக்கும் மரக்கட்டைகள் அந்தக் கதையின் மிச்சம். அதைச் சொல்லாமல் நீல ஓட்டை மட்டும் புகழும் ஆடியோவாக இருந்தால் அணைத்துவிட்டு நடக்கலாம்.

வாசலைத் தாண்டினால் தாலா கபீரா, தாலா ஸ்கீரா என்று இரண்டு தெருக்கள் கீழே இறங்கும். பெரியதில் கொஞ்ச தூரத்திலேயே பூ இனானியா மத்ரஸா. மரீனித் வம்சத்து சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. முற்றம் வரை எல்லாரையும் விடுவார்கள். காதில் கதை ஓட, கண்ணால் பார்க்கவும் முடிகிற அபூர்வமான இடம் இது, நிதானமாக நிற்கலாம்.

எதிர்ச் சுவரை அண்ணாந்து பார்க்க மறக்கக் கூடாது. வரிசையாகச் சிறு ஜன்னல்களும் நீட்டிய மரக்கட்டைகளும் தெரியும். தார் அல் மகானா, 1357ல் முடிந்த தண்ணீர்க் கடிகாரம். மணிக்கு ஒரு கதவு திறந்து, ஒரு உலோகக் குண்டு பித்தளைக் கிண்ணத்தில் விழுந்து ஒலித்திருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நேரத்தைக் காதால் தெரிந்துகொண்டார்கள். உள்ளே இருந்த இயந்திரம் காணாமல் போய்விட்டது. பார்க்க இன்று இங்கே கட்டைகள் மட்டுமே. ஒலிப்பதிவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஆனாலும் பல விவரிப்பாளர்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், தெருவின் அந்தப் பக்கம் நின்று படம் எடுக்க ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ.

இதே அபூ இனான் இன்னொரு வேலையும் செய்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் ஊர் சுற்றித் திரும்பிய தான்ஜியர்க்காரர் இப்னு பதூதாவை உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். கிரனடாவிலிருந்து வந்த இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் அதைப் பதிந்தார். 1355ல் அது முடிந்தது. வாயால் சொல்லி, காதால் கேட்டு உருவான அந்த நூலில் நம் ஊரும் இருக்கிறது. மதுரையை ஆண்ட சுல்தான் கியாத்துதீன், இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. இருவர் மனைவியரும் மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுதீனின் மகள்கள். உறவு என்று பார்க்காமல் கியாத்துதீனின் கொடுமைகளை, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது உட்பட, பதூதா வெறுப்போடு சொல்லியிருக்கிறார். மதுரையில் பரவிய கொள்ளைநோயையும், இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தி தன்னை வரவேற்று மலை யாத்திரைக்கு அனுப்பிவைத்ததையும்கூட. பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நாம் படிக்கும் முக்கியமான நேரடிச் சாட்சியம் இந்த ஊரில்தான் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. தமிழில் யாராவது ஃபெஸ்ஸுக்கு ஒலிநடை தயாரித்தால், பூ இனானியா நிறுத்தத்தில் பேச வேண்டியது இதுவே.

சரி, கீழே இறங்குவோம். ஆனால் இறங்கும்போது ஒரு இயர்போனையாவது கழற்றிவிடுவது நல்லது. கோட்டைக்குள் கார் இல்லை; கேஸ் சிலிண்டர், சிமென்ட், தோல் மூட்டை, குளிர்பானப் பெட்டி எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான் வரும். சரிவில் வழுக்காமல் இருக்கப் பல கழுதைகளின் குளம்புக்கு ரப்பர் கட்டியிருப்பார்கள், ஆகவே குளம்படிச் சத்தமும் பெரிதாகக் கேட்காது. பின்னாலிருந்து "பாலாக்!" என்று கத்துவார்கள்: ஒதுங்கு என்று. அதுதான் ஹாரன், அதுதான் பிரேக். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பவர் சுவரோடு சுவராக நசுங்குவார். வெளிச் சத்தத்தை முழுக்க வெட்டும் இயர்போனை ஹோட்டலிலேயே வைத்துவிட வேண்டும்.

தெருவின் கீழ்க்கோடியில் வாசனைக் கடைகள், ஃபெஸ்ஸை எழுப்பிய மன்னர்களில் ஒருவரான இரண்டாம் இத்ரீஸின் அடக்கத்தலம், அப்புறம் அல் கரவிய்யீன் பள்ளிவாசல். முஸ்லிம் அல்லாதவர் உள்ளே போக முடியாது. பிரெஞ்சு ஆட்சியில் லியோத்தே இதை விதியாகவே ஆக்கினார். 1956ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் தொடர்கிறது. திறந்திருக்கும் வாசலில் நின்று முற்றத்தை எட்டிப் பார்க்கலாம். அதனால் இங்கே விவரிப்பவர் குரல் கண்ணுக்குப் பதிலாகவே வேலை செய்ய வேண்டியிருக்கிறது: தூண்கள் எப்படி வரிசையாகப் போகின்றன, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று சொல்ல வேண்டும். நல்ல பதிவையும் மோசமான பதிவையும் இந்த வாசலில் கண்டுபிடித்துவிடலாம்.

மோசமானது, "859ல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் நிறுவிய உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம்" என்று சொல்லி நிறுத்திவிடும். வாட்ஸாப்பில் தமிழிலும் இது சுற்றுகிறது. இன்றைய துனிசியாவில் இருக்கும் கைரவானிலிருந்து வந்த வணிகர் குடும்பத்துப் பெண், தன் வாரிசுப் பணத்தில் பள்ளிவாசல் கட்டினார், தங்கை மர்யம் ஆற்றுக்கு அக்கரையில் இன்னொன்று கட்டினார் என்பது அழகான கதை. இது இன்று நமக்குக் கிடைப்பது 14ஆம் நூற்றாண்டில் எழுதிய இப்னு அபீ ஸர்ரிடமிருந்து, அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது கிடைத்த, மரத்தில் செதுக்கிய ஒரு வாசகம் வேறு பெயரைச் சொல்கிறது: இத்ரீஸ் வம்சத்து தாவூத், ஆண்டு 877. ஃபாத்திமா இல்லவே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. அவர் கட்டியதை இவர் விரிவாக்கியிருக்கலாம் என்பாரும் உண்டு. பல்கலைக்கழகம் என்பதும் அப்படித்தான். நூற்றாண்டுகளாக அங்கே பாடம் நடந்தது, சந்தேகமில்லை. ஆனால் நாம் இன்று அந்தப் பெயரில் நினைக்கும் அமைப்பாக அரசு அதை மாற்றியது 1963ல். இவ்வளவையும் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடலாம், கதையின் அழகும் குறையாது. கேட்பவர் குழம்பிவிடுவார் என்று பயந்து வெட்டிவிடுகிறார்கள்.

கரவிய்யீன் பள்ளிவாசலின் மினாரைப் பற்றி ஃபெஸ்காரர்கள் சொல்லும் ஒரு செய்தி எனக்கு இதையெல்லாம்விடப் பிடிக்கும். தூக்கம் வராமல் நோயில் கிடந்த ஒரு பணக்காரர், தன்னைப் போன்றவர்களுக்காக அறக்கொடை எழுதிவைத்தாராம். நள்ளிரவுக்கு மேல் விடியும் வரை பத்துப் பேர் முறை வைத்து, ஆளுக்கு அரை மணி, மினாரிலிருந்து இனிய குரலில் ஓதிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளிகளின் தோழர்கள் என்று அவர்களுக்குப் பெயர். பக்கத்திலேயே, மருதாணிச் சந்தைக்கு அருகில், 1286ல் மரீனித்கள் தொடங்கிய சீதி ஃபரஜ் மருத்துவமனை இருந்தது. மனநோயாளிகளுக்கான அந்த இடத்தில் சிகிச்சையோடு இசையும் இருந்ததாகச் சொல்வார்கள். லியோ ஆப்பிரிக்கானஸ் என்று ஐரோப்பா அறிந்த பயண எழுத்தாளர் ஹசன் அல் வஸ்ஸான் இளம் வயதில் இங்கே எழுத்தர் வேலை பார்த்திருக்கிறார்.

கரவிய்யீனின் பின்பக்கம் செஃபாரின் சதுக்கம். இங்கே எந்தப் பதிவாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். அண்டா, குண்டா, கெட்டில், சாம்பிராணித் தட்டு என்று செம்பையும் பித்தளையையும் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சுத்தியல் தாளத்தைப் பிடிக்க இன்னொருவர் இடைவெளியில் அடிப்பார். சதுக்கத்தின் ஓரத்திலேயே கரவிய்யீன் நூலகம். மொராக்கோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷவ்னி தலைமையில் புதுப்பித்து 2016ல் வேலை முடிந்தது. சுத்தியல் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேசும் விவரிப்பாளருக்கு இந்த இடமே புரியவில்லை என்றுதான் சொல்லுவேன். முந்தின சந்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, "இனி நீங்களே கேளுங்கள்" என்று விட்டுவிடுவதுதான் கைத்தேர்ச்சி.

ஷுவாரா தோல் பதனிடும் இடத்துக்கு ஆடியோ தேவையே இல்லை, மூக்கு சொல்லிவிடும். சுண்ணாம்பு, புறா எச்சம், சாயக் குழிகள். மாடிக் கடைக்காரர் கையில் புதினா கொடுத்து அனுப்பிவைப்பார். இறங்கும்போது எதையாவது வாங்குவீர்கள் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும்.

மனித வழிகாட்டியா, ஆடியோவா என்ற கேள்வி இங்கே வெறும் வசதி சம்பந்தப்பட்டதல்ல. மொராக்கோவில் வழிகாட்டிக்கு அரசு உரிமம் உண்டு. உரிமம் இல்லாமல் கூடவே நடந்து வந்து, "அந்த வழி அடைத்திருக்கிறது, என்னோடு வாருங்கள்" என்று கடைக்கு இழுத்துப் போகும் பையன்களும் உண்டு. காதில் இயர்போன் இருந்தால் இவர்கள் கொஞ்சம் விலகிப் போவார்கள் என்பதற்காகவே ஆடியோவை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் அதே இயர்போன் உரிமம் பெற்றவரின் பிழைப்பையும் தள்ளிவிடுகிறது. பதிவுக்குக் கதவைத் தட்டத் தெரியாது. ரொட்டி அடுப்புக்காரரிடம் சலாம் சொல்லி உள்ளே கூட்டிப் போகவும் தெரியாது. ஒவ்வொரு பேட்டைக்கும் பள்ளிவாசல், ஓதும் பள்ளி, குழாயடி, குளியலகம், ரொட்டி அடுப்பு என்று ஐந்து இருக்கும் என்பதைப் பதிவு சொல்லும். வீட்டில் பிசைந்த மாவு தட்டில் தலை மேல் ஏறி அடுப்புக்குப் போவதை ஆள்தான் காட்டுவார். முதல் நாள் அரை நாளுக்கு உரிமம் உள்ள ஒருவரை அமர்த்திக்கொண்டு, மறுநாள் அதே பாதையில் ஆடியோவோடு தனியாக நடப்பது என் யோசனை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். செஃபாரினில் சுத்தியல் கேட்காது, ஆனால் பதிவு தெளிவாகக் கேட்கும். பதிவுகளை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும், தடித்த சுவர்களுக்கு நடுவே இணையமும் வந்து வந்து போகும்.

பெரும்பாலான ஒலிநடைகள் ஆற்றங்கரையோடு முடிந்துவிடுகின்றன. இது சரியில்லை. ஃபெஸ் தொடங்கியதே ஆற்றுக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊராக. பாக்தாதை ஆண்ட அப்பாஸியர்களிடமிருந்து தப்பி வந்த முதலாம் இத்ரீஸ் 789ல் கிழக்குக் கரையில் தொடங்க, மகன் இரண்டாம் இத்ரீஸ் 809 வாக்கில் எதிர்க்கரையில் இன்னொன்றை எழுப்பினார். 818ல் முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் (அந்தலூசியாவின்) கொர்தோபாவில் கலகம் அடக்கப்பட்டபோது விரட்டப்பட்ட அந்தலூசியக் குடும்பங்கள் கிழக்கே குடியேறின. கைரவானிலிருந்து வந்தவர்கள் மேற்கே. இரண்டுக்கும் தனித்தனி மதில், தனித்தனிச் சண்டை. 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் வம்சத்தார் வந்துதான் இரண்டையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தார்கள். சுற்றுலாப் பதிவுகள் பேசுவதெல்லாம் கைரவான் கரை. அந்தலூசியக் கரையில் அதே பெயரில் பெரிய பள்ளிவாசலும், 1320களின் ஸஹ்ரீஜ் மத்ரஸாவும் இருக்கின்றன. மத்ரஸா முற்றத்தில் நீளமான தொட்டி, அதில் செதுக்கிய மரமும் சுதையும் தலைகீழாகத் தெரியும். கூட்டம் குறைவு என்பதால் இந்தப் பக்கம் கொஞ்சம் நிம்மதியாகவே இயர்போன் மாட்டிக்கொள்ளலாம், பதிவு கிடைத்தால். முடித்துவிட்டு ரசீஃப் சதுக்கத்துக்கு இறங்கினால் சிவப்பு டாக்ஸிகள் நிற்கும். தாலா கபீராவை மறுபடியும் ஏற வேண்டியதில்லை.